கேட்டால் சிரிப்பார்களா? கொல்லிமலைக் கம்ப்யூட்டர் கடை அனுபவங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இரண்டு பயங்கள் உண்டு. ஒன்று, எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். இன்னொன்று, கெட்டுப் போனால் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் சிரிப்பாரோ என்ற பயம். முதல் பயம் ஒரு மாதத்தில் போய்விடும். இரண்டாவது பயம் பலருக்குப் பத்து வருடம் ஆனாலும் போவதில்லை. உண்மையில் அதிக நஷ்டத்தைக் கொண்டுவருவது இந்த இரண்டாவது பயம்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இன்ஜினியரிங் முடித்த கையோடு, 2019 முதல் 2021 வரை நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் கடை என்று போர்டு இருக்குமே தவிர, உள்ளே எல்லாமும் உண்டு. விற்பனை, சர்வீஸ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என எதற்கும் எங்களிடம்தான் வருவார்கள். கீழே இறங்கி வேறு கடை பார்க்க வேண்டும் என்றால், காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். போய் வர ஒரு நாள் கூலி போய்விடும்.

கடை முதலாளி அண்ணன் முதல் நாளே ஒரு விதி சொன்னார். "யார் என்ன கேட்டாலும் சிரிக்கக் கூடாது தம்பி. அவங்க ஏன் அப்படிக் கேக்குறாங்கன்னு யோசி." அந்த இரண்டு வருடத்தில் வந்த விநோதமான கேள்விகளில் சிலவற்றை இங்கே தருகிறேன். படித்துச் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் கம்ப்யூட்டருக்கு உதவும் விஷயம் ஒன்று இருக்கிறது.

"எனி கீ எங்கே இருக்கிறது?"

முதலில் ஒரு ஆறுதல். இப்படிக் கேட்பவர்கள் மலைக் கிராமங்களில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அப்போது பெரிய கம்ப்யூட்டர் நிறுவனமாக இருந்த காம்பேக், திரையில் வரும் "பிரஸ் எனி கீ" என்ற வாசகத்தை மாற்றலாமா என்று யோசித்துக் கொண்டிருந்ததாம். காரணம், "கீபோர்டில் 'எனி' என்ற கீ எங்கே இருக்கிறது?" என்று கேட்டு அத்தனை பேர் போன் செய்தார்கள்!

அதே கட்டுரையில் டெல் வாடிக்கையாளர் ஒருவரும் வருகிறார். தன் கம்ப்யூட்டரிலிருந்து பேக்ஸ் போகவில்லை என்று புகார் செய்தார். 40 நிமிடம் பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் காகிதத்தை மானிட்டர் முன்னால் பிடித்துக்கொண்டு "அனுப்பு" கீயை அழுத்திக் கொண்டிருந்திருக்கிறார்.

சிரிப்பு வருகிறதா? ஆனால் இன்று நாம் என்ன செய்கிறோம்? காகிதத்தை மொபைல் போன் முன்னால் பிடிக்கிறோம், பட்டனைத் தட்டுகிறோம், அது ஸ்கேன் ஆகி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்ததில் தவறே இல்லை. மெஷின்தான் கொஞ்சம் லேட்டாக வந்தது.

"மழை விட்டா சிக்னல் வரும்னு பாத்தேன்"

வளப்பூர் நாடு பக்கமிருந்து ஒரு மிளகு விவசாயி வந்தார். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, மினி பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார். பிரித்துப் பார்த்தால் மானிட்டர் மட்டும்.

"என்ன ஆச்சுங்க?"

"நோ சிக்னல்னு வருதுன்னு பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு தம்பி. எங்க ஊர்லதான் டவரே கிடையாதே! மழை விட்டா சிக்னல் வரும்னு ஒரு வாரம் பாத்தேன். வரல. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

"கூடவே ஒரு பெட்டி இருக்குமே, அது எங்கேங்க?"

"அதுவா? அது ஸ்டெபிலைசர் தானே? அதை எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. அது ஸ்டெபிலைசர். கம்ப்யூட்டர் மானிட்டர் டிவி மாதிரி இருக்கிறது. அதன் கீழேயும் ஒரு பெட்டி இருக்கிறது. அப்படியானால் அதுவும் ஸ்டெபிலைசராகத்தானே இருக்க வேண்டும்? சிக்னல் என்ற சொல்லை அவர் மொபைல் போனில் கேட்டிருக்கிறார். மலையில் எல்லோரும் தினமும் புலம்பும் சொல் அது. அவர் கணக்கில் தப்பே இல்லை.

புதியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மானிட்டரில் "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியிலிருந்து அதற்குப் படம் வரவில்லை, அவ்வளவுதான். இதற்கும் இன்டர்நெட்டுக்கும், மொபைல் டவருக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று விஷயங்களைப் பாருங்கள். பெட்டியில் விளக்கு எரிகிறதா? உள்ளே பேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா? மானிட்டரையும் பெட்டியையும் இணைக்கும் கேபிள் இரண்டு பக்கமும் இறுக்கமாக இருக்கிறதா? பெட்டியில் விளக்கே எரியவில்லை என்றால், மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பகுதி போயிருக்க வாய்ப்பு உண்டு. அதை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஷாக் அடிக்கும்.

இரண்டு நாள் கழித்து அவர் பெட்டியோடு வந்தார். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது. குளிர்காலத்தில் அது இதமான இடம் தேடிப் போயிருக்கிறது. பெட்டியின் பின்புறம் திறந்து கிடக்கும் துளைகளைத் தகடு போட்டு மூடுங்கள். காற்றுப் போகும் ஜன்னலை மட்டும் மூடிவிடாதீர்கள்.

"14 நாள் தனியா வச்சுட்டேன், இப்பத் தொடலாமா?"

2020ஆம் ஆண்டு ஊரடங்கு நேரம். மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஒருவர் பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு நாள் முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். லேப்டாப் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

"வைரஸ் வந்துடுச்சுன்னு சைரன் மாதிரி கத்துச்சு சார். படக்குனு மூடி, பேட்டரியக் கழட்டி, தனி ரூம்ல 14 நாள் வச்சுட்டேன். இப்பத் தொடலாமா?"

கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க செஞ்சதுதாங்க சரி" என்றார்.

ஏன் தெரியுமா? திரையில் வந்தது உண்மையான வைரஸ் எச்சரிக்கையே அல்ல. ஏதோ ஒரு வெப்சைட்டில் வந்த பொய் விளம்பரம். அதில் ஒரு போன் நம்பர் இருக்கும். போன் செய்தால் மறுமுனையில் இருப்பவர் மைக்ரோசாப்ட் ஊழியர் என்று சொல்லிக்கொள்வார். ஒரு ரிமோட் சாப்ட்வேரை உங்கள் கையாலேயே இன்ஸ்டால் செய்ய வைத்து, உங்கள் கம்ப்யூட்டரைத் தன் கைக்குள் கொண்டு போவார். பிறகு "சரி செய்ய" பணம் கேட்பார், அல்லது பாங்க் விவரங்களை எடுத்துக்கொள்வார். இது சின்ன வியாபாரம் இல்லை. 2023ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களை ஒட்டி, இப்படிப்பட்ட போலி கால் சென்டர்கள் மீது சி.பி.ஐ. நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தியது. "ஆபரேஷன் சக்ரா 2" என்று அதற்குப் பெயர்.

நம்மவர் போன் செய்யவில்லை. மூடி வைத்தார். கொரோனா வைரஸும் கம்ப்யூட்டர் வைரஸும் ஒன்று என்று நினைத்ததில் அவர் இழந்தது மகளின் 14 நாள் வகுப்பு. போன் செய்திருந்தால் பாங்க்கில் இருந்த பணமே போயிருக்கும்.

உங்களுக்கு இப்படி வந்தால் 14 நாள் காத்திருக்க வேண்டாம்! ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு எப் 4 கீயை அழுத்துங்கள். பிரவுசர் மூடிக்கொள்ளும். மூடவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து "எண்ட் டாஸ்க்" க்ளிக் செய்யுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஆப் செய்துவிடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்தி எதிலும் போன் நம்பர் இருக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

"இன்டர்நெட்டை பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க"

இதைக் கேட்டவர் ஒரு காபித் தோட்டக்காரர். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் ஊரில் டவரும் கிடையாது, கேபிளும் கிடையாது. "16 ஜிபி வாங்கியாந்திருக்கேன். இதுல எவ்ளோ இன்டர்நெட் புடிக்குமோ அவ்ளோ போட்டுக் குடுங்க" என்று பென் டிரைவை மேஜையில் வைத்தார்.

இன்டர்நெட் என்பது உலகம் முழுவதும் உள்ள கம்ப்யூட்டர்களின் இணைப்பு, அதைப் பென் டிரைவில் போட முடியாது என்றுதான் எந்தப் பாடப் புத்தகமும் சொல்லும். ஆனால் அவருக்கு வேண்டியது இணைப்பு அல்ல, அதன் வழியாக வரும் விஷயங்கள். அதை நிச்சயம் பென் டிரைவில் போட முடியும்!

கியூபா நாட்டில் இன்டர்நெட் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் "பாக்கெத்தே செமனால்", அதாவது "வாராந்திரப் பொட்டலம்" என்று ஒரு வழக்கம் வந்தது. சினிமா, செய்தி, சாப்ட்வேர் எல்லாம் சேர்த்து சுமார் ஒரு டெராபைட் அளவுக்கு வாரா வாரம் ஹார்ட் டிஸ்க்கில் வீடு வீடாகப் போகும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காகப் பணி செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் வரும் அலை உயர விவரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொடாத மீனவருக்கும் இன்டர்நெட் காதில் விழுந்தது.

அண்ணன் அவருக்கு என்ன செய்தார்? "கிவிக்ஸ்" என்ற இலவச சாப்ட்வேரை அந்தப் பென் டிரைவில் போட்டார். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவை மொத்தமாக ஒரே பைலாக டவுன்லோட் செய்து, இன்டர்நெட் இல்லாமலே இந்த சாப்ட்வேரில் படிக்கலாம். கூடவே அரசு வெளியிட்டுள்ள பாடப் புத்தகங்களின் பி.டி.எப். பைல்கள். 16 ஜிபியில் பாதிகூட நிரம்பவில்லை.

மாதம் ஒரு முறை அவர் சந்தைக்கு வரும்போது பென் டிரைவும் கூடவே வரும். "இந்த மாச இன்டர்நெட் வந்துடுச்சா?" என்று கேட்பார். உங்கள் ஊரிலும் நெட் மெதுவாக இருந்தால் இந்த வழியைப் பயன்படுத்திப் பாருங்கள்.

"அந்தக் கூடையில காகிதம் தெரியுதே?"

விவசாயிகள் உதவித் தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு பாட்டி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் பைலைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணு, உன் பொட்டியில இருக்கறத அழிச்சுடு. நான் பாத்துட்டுப் போறேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைக்காரரையே சந்தேகப்படுகிறாரே என்று. பாட்டி அசையவில்லை. "பத்திரம் எழுதுறவருகிட்ட நகல விட்டுட்டு வருவமா? இதுவும் அப்படித்தான" என்றார்.

பைலை டெலீட் செய்தோம். பாட்டி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை நீட்டி, "அந்தக் கூடையில காகிதம் தெரியுதே?" என்றார்.

ரீசைக்கிள் பின்! நீங்களே கவனியுங்கள். டெலீட் செய்த பைல் உள்ளே இருந்தால் அந்தக் கூடைப் படத்தில் காகிதம் தெரியும். காலி செய்தால் வெறும் கூடை. ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர் படத்தைப் படித்துவிட்டார். தினமும் பார்க்கும் நாங்கள் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

பாட்டி கேட்டதுதான் முறை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இன்டர்நெட் மையம் போன்ற பொதுக் கம்ப்யூட்டர்களில் ஆதாரை டவுன்லோட் செய்வதைத் தவிர்க்கவும், செய்தால் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடவும் அது சொன்னது. ஆதார் நகல் பற்றி மக்களிடம் குழப்பம் உண்டானதால் இரண்டு நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அழித்துவிட்டு வரவேண்டும் என்ற பழக்கம் எந்த அறிவிப்பும் இல்லாமலே நல்ல பழக்கம்தான்.

வெளியில் பிரிண்ட் எடுக்கப் போனால் இவற்றைச் செய்யுங்கள். பைலைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கூடைக்குப் போகாமல் அழியும். டவுன்லோட்ஸ் போல்டரையும் பாருங்கள். ஒரே பைல் இரண்டு மூன்று முறை இறங்கியிருக்கலாம். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்திருந்தால், உங்கள் போனில் "லிங்க்டு டிவைசஸ்" பகுதிக்குப் போய் லாக் அவுட் செய்யுங்கள். முழு ஆதார் எண் தேவைப்படாத இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

"பார்மட்" என்ற ஒரு சொல்

இதுவரை சிரித்தோம். இது சிரிக்கும் கதை அல்ல.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. கொல்லிமலையில் பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அப்படி ஒரு லேப்டாப்போடு ஒரு கல்லூரி மாணவி வந்தார். கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, இதுல இருந்த போட்டோ எல்லாம் காணோம். வருமா?"

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று கீழே சமவெளியில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்தவர் "பார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "சரிங்கண்ணா" என்றிருக்கிறார்.

"பார்மட்னா என்னன்னு நினைச்சீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "காலேஜ்ல ரெக்கார்டு நோட்டு பார்மட், பயோடேட்டா பார்மட்னு சொல்வாங்க இல்லண்ணா? ஒழுங்குபடுத்தி வைக்கறதுன்னு நினைச்சேன். கேக்கலாம்னுதான் இருந்தேன். அங்க நாலஞ்சு பேர் நின்னாங்க. இதுகூடத் தெரியாதான்னு சொல்லிடுவாங்களோன்னு..."

அந்த லேப்டாப்பில் அவருடைய அப்பாவின் போட்டோக்கள் இருந்தன. அப்பா ஒரு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய போனிலிருந்து எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனை விற்றுவிட்டார்கள். வேறு பிரதி எங்கும் கிடையாது.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை ஒரு தடித்த புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பொருளடக்கம் இருக்கும். சாதாரணமாகக் கடைகளில் செய்யும் குவிக் பார்மட்டில் பொருளடக்கம் மட்டும் கிழிக்கப்படுகிறது. உள்ளே உள்ள பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆனால் எல்லாம் காலிப் பக்கம் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். புதிதாக விண்டோஸ் போடும்போதும், படம் காப்பி செய்யும்போதும் அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதும். மேலே எழுதப்பட்ட பக்கம் திரும்ப வராது. எழுதப்படாத பக்கங்களைத் தேடி எடுக்க போட்டோரெக், ரெக்யுவா போன்ற சாப்ட்வேர்கள் இருக்கின்றன.

அதனால் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பார்மட் பண்ணினதுக்கு அப்புறம் என்னென்ன செஞ்சீங்க? மறைக்காமச் சொல்லும்மா." அந்த மாணவி தயங்காமல் சொன்னார். விண்டோஸ் போட்டது, இரண்டு சினிமா காப்பி செய்தது, எல்லாம். போட்டோ இல்லை என்று தெரிந்ததும் லேப்டாப்பை ஆப் செய்தவர், அதன் பிறகு திறக்கவே இல்லை. அவர் அறியாமல் செய்த பெரிய நன்மை அது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, இரவு முழுவதும் போட்டோரெக் ஓடியது. கிடைப்பதை அதே டிஸ்க்கில் சேமிக்கக் கூடாது. வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

காலையில் பைல் பெயர்கள் எதுவும் இல்லாமல், வெறும் எண்களாக ஆயிரக்கணக்கான படங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை பழைய வெப்சைட் படங்கள், பாதி உடைந்த படங்கள். அந்த மாணவியும் அவர் அம்மாவும் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் ஒரு படம் வந்தது. மிளகுக் கொடி ஏறிய மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணியில் நின்றுகொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் ஒரு மனிதர். படத்தின் கீழ்ப் பாதி சாம்பல் நிறமாகப் போயிருந்தது. முகம் இருந்தது. அந்த அம்மா மானிட்டரைக் கையால் தொட்டார்.

அன்று கிடைத்தவை பதினோரு படங்கள். இருந்தவை எத்தனையோ தெரியாது. போன படங்கள் போனவைதான். "பார்மட்னா என்னண்ணா?" என்ற ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தனையும் இருந்திருக்கும்.

இன்றைய புதிய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருக்கிறது. வேகமானது, நல்லதுதான். ஆனால் அதில் "ட்ரிம்" என்ற வசதி, டெலீட் செய்த பக்கங்களைத் தானாகவே துடைத்துவிடும். எனவே இந்தப் பதினோரு படங்கள்கூட எஸ்.எஸ்.டி.யில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். இனிமேல் பிரதி எடுத்து வைப்பது முன்பைவிட முக்கியம்.

கடைக்குப் போகும் முன்

1. சொல்வதை வரிசையாகச் சொல்லுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது, திரையில் என்ன எழுத்து வந்தது? மொபைலில் திரையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

2. மறைக்காதீர்கள். தண்ணீர் கொட்டியிருந்தால் கொட்டியது என்று சொல்லுங்கள். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். முன்பே சொன்னால் உலர்த்திவிட்டு ஆன் செய்வார்கள். சொல்லாவிட்டால் ஆன் செய்து பார்க்கும்போதே போர்டு எரிந்துவிடலாம்.

3. புரியாத சொல்லுக்கு "சரி" சொல்லாதீர்கள். "அதைச் செஞ்சா என் பைல் எல்லாம் இருக்குமா, போயிடுமா?" இந்த ஒரு கேள்வி போதும். எந்தக் கடையிலும், எந்த வேலைக்கும் கேளுங்கள்.

4. முக்கியமானதை மூன்றாக வையுங்கள். 3-2-1 என்று ஒரு விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுட்டிலோ அக்கா வீட்டுப் பென் டிரைவிலோ ஒன்று.

5. பைல் காணாமல் போனால் உடனே நிறுத்துங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், காப்பி செய்ய வேண்டாம். ஆப் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

6. வதந்தியைக் கேட்டுப் பயப்படாதீர்கள், கடையில் கேளுங்கள். 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தபோது, "நாளைக்கு கம்ப்யூட்டர் நின்னு போயிடுமாமே?" என்று பலர் ஓடி வந்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. பாதுகாப்பு அப்டேட் வருவதுதான் நின்றது. விண்டோஸ் 10க்கு அந்த நாள் 2025 அக்டோபர் 14. பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் அதில் எந்த விண்டோஸ் இருக்கிறது, விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

இப்போது நான் சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருக்கிறேன். திரையில் ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்கும்போதெல்லாம் மலையில் கேட்ட கேள்விகள் நினைவுக்கு வருகின்றன. "சிக்னல்", "வைரஸ்", "பார்மட்" இவை எல்லாம் ஏற்கெனவே வேறு அர்த்தத்தில் மக்கள் வாயில் புழங்கும் சொற்கள். நாங்கள்தான் அவற்றை எடுத்து எங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறோம். அர்த்தம் புரியவில்லை என்றால் அதில் வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

அதனால் தாராளமாகக் கேளுங்கள். கேட்டதற்குச் சிரிக்கிற கடைக்காரர் என்றால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். சிரிக்காமல் பதில் சொல்பவர் கிடைத்தால், அவர் போன் நம்பரை மட்டும் மூன்று இடத்தில் எழுதி வையுங்கள்!